நயினார் சாரின் டேப்

அலுவலகப் பூட்டில் சாவியை நுழைப்பதற்கு முன்பே எஸ்தர் ரூபாவதிக்குத் தலைவலி ஆரம்பித்துவிட்டது. வாசல் பெஞ்சில் வடிவு டீச்சர் உட்கார்ந்திருந்தார். பெஞ்சுக்கு மேலே சுவரில் ‘இங்கே காத்திருக்கக் கூடாது’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. ஆயுள் முழுக்க ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்தவருக்கு அதைப் படிக்கத் தெரியாதா? படித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்.

தூத்துக்குடியில் உப்பளங்களைத் தாண்டி ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் இருந்தது கடலடி அளவைத் துறையின் டேப் காப்பகம். ரூபாவதி அதன் லேபிள் அதிகாரி. எந்த டேப்புக்கு என்ன நிற லேபிள், அதை யார் தொடலாம், யார் பார்க்கலாம், யார் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது என்று சொல்வதுதான் அவள் வேலை. இந்தக் காலத்தில் இன்னுமா டேப் என்று கேட்பவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான் உண்டு. எந்தக் கம்பியோடும் சேராமல் அலமாரியில் சும்மா கிடக்கிற பொருளை வெளியூரில் உட்கார்ந்துகொண்டு எவனும் திருட முடியாது.

கடலின் ஆழக் கணக்குகள், வரைபடங்கள் எல்லாம் அந்த டேப்புகளில் இருந்தன. அவற்றோடு துறையில் வேலை பார்த்தவர்களின் நினைவுகளும் இருந்தன. அழுத்தம் தாங்காமல் மூளை பாதித்து மேலே வந்த முக்குளிப்பாளர்களுக்காகத் தொடங்கிய திட்டம் அது. வருடத்துக்கு ஒரு நாள் தலையில் தொப்பி போல ஒன்றை மாட்டி, உள்ளே இருப்பதை அப்படியே ஒரு நகல் எடுத்து வைப்பார்கள். தலைக்கு ஏதாவது ஆகிவிட்டால் நகலிலிருந்து திருப்பி ஏற்றலாம். பிறகு அது மேசை வேலைக்காரர்களுக்கும் வந்தது, ஓய்வு பெற்றவர்களுக்கும் வந்தது. அரசாங்கம் உருப்படியாகச் செய்த சில காரியங்களில் ஒன்று என்று ரூபாவதியே சொல்லிக்கொண்டிருந்தாள். வடிவு டீச்சர் வந்து பெஞ்சில் உட்காரும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டீச்சரின் கணவர் ஆறுமுகநயினார் அந்தத் துறையில் அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். புரட்டாசியில் மூளைக் காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தது, நினைவு பிழைக்கவில்லை. எழுதுவார், படிப்பார், சட்டைப் பொத்தான் போடுவார். யார் எவர் என்பது மட்டும் சுத்தமாகப் போய்விட்டது. பாளையங்கோட்டை டாக்டர் தை பிறப்பதற்குள் நினைவை ஏற்றிவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். இப்போது மூளை ஈர மண் மாதிரி இருக்கிறது, இறுகிவிட்டால் எதுவும் பதியாது என்றார். மார்கழி பாதி போய்விட்டது.

“நேத்து என்னை என்னன்னு கூப்பிட்டாக தெரியுமா?” என்றார் டீச்சர், ரூபாவதி உட்காருவதற்கு முன்பே. “சிஸ்டர்னு. ஊசி வேண்டாம் சிஸ்டர்னு கையெடுத்துக் கும்பிடுதாக. நான் காப்பிதாம்மா கொண்டு போனேன்.”

ரூபாவதி பைக்குள் தலைவலி மாத்திரையைத் தேடினாள். நயினார் சாரின் டேப்பில் சிவப்பு லேபிள் ஒட்டியிருந்தது. பச்சை என்றால் யாரும் பார்க்கலாம். மஞ்சள் என்றால் அனுமதி வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம். சிவப்பு என்றால் நாட்டின் பரம ரகசியம், அலமாரியை விட்டு இம்மி நகராது. இதை டீச்சரிடம் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. இன்றைக்கு இன்னொரு விதமாகச் சொன்னாள்.

“ஒரு குடம் பால்ல ஒரு துளி விஷம் விழுந்தா குடமே விஷம்தான டீச்சர்? டேப்புக்கும் அதே சட்டம்தான். உள்ள முழுக்க உங்க கல்யாணமும் கத்திரிக்கா கொழம்புமா இருக்கட்டும். ஒரே ஒரு துண்டு சிவப்பா இருந்தா மொத்த டேப்பும் சிவப்பு.”

“அவுக தலையில இருந்து எடுத்தது. அவுக தலையிலயே திருப்பி வைக்கதுக்கு என்ன சட்டம்?”

“அவருதான் ரிட்டையர் ஆயிட்டாரே. சிவப்பப் பாக்குற தகுதி வேலையோட போயிருச்சு.”

“அப்போ ரிட்டையர் ஆன அன்னைக்கே மூளையக் கழத்தி வாங்கி வச்சிட்டுல்ல மாலை போட்டு அனுப்பியிருக்கணும்?”

ரூபாவதி மாத்திரையைக் கண்டெடுத்து விழுங்கினாள். அந்தக் கேள்வியைவிட எரிச்சலூட்டிய விஷயம் ஒன்று இருந்தது. நயினாரோடு அதே கப்பலில், அதே கடலை, அதே கயிற்றைப் போட்டு அளந்தவர்கள் அத்தனை பேருடைய டேப்பும் மஞ்சள். இவருடையது மட்டும் சிவப்பு. ஒருவர் தலையில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும் என்பதால், நினைவு டேப்புக்கு லேபிள் ஒட்டும் உரிமையைத் துறை அவரவரிடமே விட்டிருந்தது. எந்த நினைவுக்காக ஒட்டுகிறோமோ, டேப்பில் அந்த இடத்தில் அடையாளமாக ஒரு கொடி நட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். வருடா வருடம் நயினார் சிவப்புதான் ஒட்டியிருந்தார். என்ன கண்டார் இந்த மனிதர்? மன்னார் வளைகுடாவில் முங்கிக் கிடக்கும் சோழன் கஜானாவையா?

டெல்லிக்குக் கேட்டு எழுதியிருந்தாள். அன்றைக்குத்தான் பதில் வந்தது. ஒட்டியவரே உரிக்க வேண்டும் என்று ஒரே வரி. ஒட்டியவருக்கு நினைவில்லை என்பதால்தானே உரிக்கச் சொல்கிறோம் என்று அவள் எழுதியது டெல்லியில் யார் கண்ணிலும் படவில்லை போலிருந்தது.

“சரி, அவர கூட்டிட்டு வாங்க,” என்றாள் டீச்சரிடம். “ஒரு கையெழுத்துதான். போட்டுட்டா தீந்துச்சு.”

மறுநாள் நயினாரைக் கூட்டிவந்தார்கள். நெடுநெடுவென்று உயரம், வெள்ளைச் சட்டை, நெற்றியில் டீச்சர் இட்டுவிட்ட திருநீறு. எல்லாரையும் பார்த்துப் பொதுவாக ஒரு கும்பிடு போட்டார். சிவப்பை உரிக்கச் சம்மதம் என்ற தாளை ரூபாவதி நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை, பிறகு கீழிருந்து மேல் வரை ஒரு தடவை படித்தார்.

“இந்த டேப்புல என்ன இருக்கு?” என்று கேட்டார்.

அதைச் சொல்ல அனுமதியில்லை என்றாள் ரூபாவதி. உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றாள். டெல்லிக்காவது தெரியுமா என்றார். தெரியாது என்றாள்.

நயினார் பேனாவை மூடி மேசை மேல் வைத்தார். “மன்னிக்கணும். என்னன்னு தெரியாம நான் எதுலயும் கையெழுத்துப் போடுறதில்ல. ஒருத்தர் இவ்வளவு கவனமா ஒட்டியிருக்காருன்னா காரணம் இல்லாம இருக்காது. அந்த ஆளக் கேட்டுட்டு உரிங்க.”

“அந்த ஆளே நீங்கதான்!” என்று டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். “சர்வீஸ் முழுக்க இதே பாட்டுதாம்மா. எல்.ஐ.சி. பேப்பரக்கூட ஒரு வாரம் வச்சுப் படிப்பாக. எல்லாத்தையும் மறந்தாச்சு, இந்தக் கிறுக்கு மட்டும் மறக்கலயே!”

நயினார் பயந்துபோய், கோபப்படாதீங்க சிஸ்டர் என்றார். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுவரை அந்தம்மாள் மேல் இருந்த எரிச்சலெல்லாம் ரூபாவதிக்கு அந்தக் கணத்தில் வேறு பக்கம் திரும்பிவிட்டது. அவள் நயினாரின் கையைப் பிடித்து நேராக இணை இயக்குநர் தேவசகாயத்தின் அறைக்குக் கூட்டிப்போனாள்.

தேவசகாயம் நல்ல மனிதர்தான். சந்தேகம் வந்தால் ஒரு படி மேல் லேபிளை ஒட்டு என்பது அவருடைய வேதம். அவருக்கு எப்போதும் சந்தேகம் இருந்தது. கொடி நட்ட இடத்தை மட்டும் ஓர் அதிகாரி திறந்து பார்க்கலாம் என்று விதியில் ஒரு சந்து உண்டு. அதற்கு அவர் அனுமதி வேண்டும், அவர் யாருக்கும் அதைக் கொடுத்ததில்லை.

ரூபாவதி நயினாரை அவருக்கு எதிரே நாற்காலியில் உட்கார வைத்தாள்.

“சார், இந்தத் தலைக்குள்ள சிவப்பு இருந்திருக்கு. காய்ச்சல்ல எவ்வளவு போச்சு, எவ்வளவு ஒட்டிட்டிருக்குன்னு யாருக்கும் தெரியாது. இருந்தா இவரும் சிவப்புதான். வெளிய விடக்கூடாது. எந்த அலமாரியில வைக்கட்டும்? நீங்க எழுதிக் குடுங்க.”

தேவசகாயத்துக்கு வியர்த்தது. நயினார் அவரைப் பார்த்து ஆறுதலாகச் சிரித்தார். சந்தேகமே தொழிலான மனிதருக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஐயாவை முதலில் வீட்டுக்கு அனுப்புங்கள் என்றார்.

சிவப்பைத் திறக்கும்போது இரண்டு அதிகாரிகள் இருக்க வேண்டும், ஒருவர்தான் பார்க்க வேண்டும் என்பது விதி. ஆகவே தேவசகாயம் அறைக்குள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். ரூபாவதி தொப்பியை மாட்டிக்கொண்டு டேப்பை ஓடவிட்டாள். சோழன் கஜானா இல்லாவிட்டாலும் ஒரு நீர்மூழ்கிக் கப்பலாவது இருக்கும் என்று எதிர்பார்த்தாள்.

இருந்தது ஒரு சமையலறை. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக அடுப்பு மேடையில் விழுந்துகொண்டிருந்தது. நயினாரின் கண் வழியாக அவள் பார்த்தாள். வயது குறைந்த வடிவு டீச்சர் தோசை ஊற்றிக்கொண்டே, திரும்பாமல், பேசிக்கொண்டிருந்தார்.

நான் வடிவு இல்லை என்றார். வடிவு என் அக்கா. டீச்சர் பயிற்சி முடித்தது அவள். அவளுக்கு வேலை உத்தரவு வந்த வாரத்தில் மஞ்சள் காமாலையில் செத்துப்போனாள். அப்பா ஊர் அறிய அழுதுவிட்டு, பஞ்சாயத்து ஆபீசில் போய்ச் செத்தது சின்னவள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். எனக்கு அக்காவின் சேலையைக் கட்டி, அக்காவின் சர்ட்டிபிகேட்டைக் கையில் கொடுத்து, கண்காணாத ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏற்றிவிட்டார். அப்பாவும் போய்விட்டார், அம்மாவும் போய்விட்டாள். இப்போது என் பெயர் எனக்கு மட்டும்தான் தெரியும். என் பெயர் இசக்கி.

கரண்டி அப்படியே நின்றது. நயினாரின் நெஞ்சு அடித்துக்கொண்டது ரூபாவதிக்கும் கேட்டது.

“நான் யார் கழுத்துல தாலி கட்டினேன்?” என்று கேட்டார் கடைசியில்.

“என் கழுத்துலதான்.”

“பின்ன என்ன? கழுத்து மாறலையே.” கொஞ்சம் பொறுத்து, புதுச் செருப்பைப் போட்டுப் பார்ப்பதுபோலச் சொன்னார்: “இசக்கி, தோச கருகுது பாரு.”

அவ்வளவுதான் கொடி நட்ட இடம். அந்தச் சாயங்காலத்துக்கு மறுநாள் அவருக்கு டேப் எடுக்கிற நாள். அவர் தலையில் இருந்தால் அது டேப்பிலும் இருக்கும். டேப்பில் இருந்தால் என்றைக்காவது எவனாவது எடுத்துப் பார்ப்பான், பள்ளிக்கூட வேலை போகும், வழக்கு வரும், ஊர் சிரிக்கும். ஆகவே நயினார் நாட்டிலேயே பெரிய பூட்டாகப் பார்த்துப் போட்டிருக்கிறார். படிக்காமல் கையெழுத்துப் போடாத மனிதர், வருடா வருடம் நாட்டுக்கே ஒரு பொய் லேபிளை ஒட்டியிருக்கிறார்.

ரூபாவதி தொப்பியைக் கழற்றினாள். திரும்பலாமா என்று சுவரைப் பார்த்தபடி தேவசகாயம் கேட்டார். கொஞ்சம் பொறுங்க சார் என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகையா கோபமா என்று அவளுக்கே புரியவில்லை. இப்போது என்ன செய்வது? ராணுவ ரகசியமில்லை, ஒரு டீச்சரின் பெயர்தான் என்று எழுதினால் பூட்டு திறந்துகொள்ளும், டீச்சரின் மானம் போகும். எழுதாவிட்டால் டேப் அலமாரியிலேயே கிடக்கும், மார்கழி முடிந்துவிடும்.

கூட வந்தவர்களோடு நயினாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு டீச்சர் பெஞ்சில்தான் இருந்தார். ரூபாவதி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அந்த பெஞ்ச் எவ்வளவு சூடு என்று தெரிந்தது.

“டீச்சர், அந்தச் சிவப்பு கவர்மென்ட் ரகசியம் இல்ல. உங்க ரகசியம். தோச கருகின அன்னைக்கி சொன்னது.”

டீச்சர் உப்பளத்தில் ஒரு லாரி போய் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு சொன்னாக,” என்றார். “சொல்லத்தான் இல்ல. பாவி மனுசன், என்கிட்டக்கூடச் சொல்லாமல்ல பூட்டி வச்சிருக்காக.” பிறகு விறைப்பாக நிமிர்ந்தார். “எழுதும்மா. இசக்கின்னு எழுது. பென்சன நிறுத்தட்டும், கேஸ் போடட்டும். வயசு ஆயாச்சு, இனிமே என்ன பயம்? இந்தக் காய்ச்சல் வந்ததுல இருந்து என் பேரச் சொல்ல உலகத்துல ஒரு நாதி இல்ல.”

எழுதலாம் என்றுதான் ரூபாவதியும் நினைத்தாள். விதி அதற்கும் ஒரு ஆப்பு வைத்திருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதைச் சொல்ல அவளுக்கு நாக்கூசியது.

“எழுதினா அது இசக்கியோட ரகசியம்னு ஆகும் டீச்சர். காகிதப்படி இசக்கி செத்துப்போனவ. செத்தவங்க ரகசியத்த நூறு வருசத்துக்குத் திறக்கக்கூடாது.”

டீச்சர் அவளையே பார்த்தார். பிறகு, இத்தனை நாளில் முதல் தடவையாக, வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். ரூபாவதிக்கும் தொற்றிக்கொண்டது. காவலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

சிரிப்பு அடங்கியதும் ரூபாவதி மிச்சமிருந்த ஒரு வழியைச் சொன்னாள். கொடி நட்ட இடத்தைப் பார்த்த அதிகாரி அதை டேப்பிலிருந்து வெட்டி எடுக்கலாம். வெட்டியது காப்பகத்தில் எரிக்கிற சூளைக்குப் போய்விடும், என்ன என்று எழுத வேண்டியதில்லை. மிச்சம் மஞ்சளாகிவிடும், ஆஸ்பத்திரிக்குப் போகலாம். ஆனால் அந்த ஒரு சாயங்காலத்தை மட்டும் வெட்டினால் போதாது. அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிற எல்லாவற்றையும் வெட்ட வேண்டும்.

“ஒட்டிக்கிட்டிருக்கறதுன்னா?”

“அதுக்கப்புறம் அவரு உங்கள அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டது எல்லாமே.”

டீச்சர் மடியில் கையைக் கோத்துக்கொண்டார். அடுப்படியில்தாம்மா கூப்பிடுவாக, வெளியில வாய் தவறிக்கூட வராது என்றார் தனக்குத்தானே சொல்வதுபோல. சின்னச் சின்னதாத்தான் இருக்கும், ஆனா நிறைய இருக்கும் என்றார். வெட்டின பெறவு என்னை வடிவுன்னாவது தெரியுமா அவுகளுக்கு என்று கேட்டார். கல்யாணத்திலிருந்து எல்லாம் தெரியும், இது ஒன்றுதான் தெரியாது என்றாள் ரூபாவதி.

“வெட்டிரும்மா,” என்றார் டீச்சர். “சிஸ்டருக்கு வடிவு மேல்.”

வெட்டுவது ரூபாவதிக்குச் சுலபமாக இல்லை. உப்பு கூட, இசக்கி. குக்கர் எத்தனை விசில், இசக்கி. சும்மாதான் கூப்பிட்டேன், இசக்கி. ஒவ்வொன்றாகத் தேடித் தேடி எடுத்தாள். தேவசகாயம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று கால் கடுத்து, பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். எல்லாம் சூளைக்குப் போனது. இத்தனை வருட சர்வீசில் இவ்வளவு கேவலமான வேலை செய்ததில்லை என்று அவள் தன் துறையையும், டெல்லியையும், அந்தப் பாழாய்ப்போன விதிகளை எழுதிய புண்ணியவானையும் வாய்க்கு வந்தபடி ஏசினாள். தேவசகாயம் காது கேளாதவர்போல் இருந்தார். அன்றைக்கு அவர் செய்த பெரிய உதவி அதுதான்.

போகிக்கு முன்தினம் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் நினைவை ஏற்றினார்கள். டேப் எங்கே போனாலும் லேபிள் அதிகாரியும் கூடப் போக வேண்டும் என்பதால், மணிக்கட்டில் சங்கிலியால் கட்டிய பெட்டியோடு ரூபாவதியும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு, இனி நீங்கள் பேசுங்கள் என்று வெளியே போனார்.

நயினார் கண்ணைத் திறந்தார். விட்டத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார்.

“என்ன வடிவு, இப்படி மெலிஞ்சு போயிட்ட?”

டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினார். ரூபாவதி பெட்டியின் பூட்டை ஆராய்ந்துகொண்டிருந்தாள். காரியம் முடிந்தது, இனி ஜீப்பில் ஏறி ஊர் போய்ச் சேரலாம் என்று நினைத்தாள். டீச்சர் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். ஒன்றாம் வகுப்புக்கு முன்னால் நிற்பதுபோல நேராக உட்கார்ந்தார்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

நயினார் ரூபாவதி பக்கம் கண்ணைக் காட்டினார். அவளுக்குத் தெரியும், இருக்கட்டும் என்றார் டீச்சர். பிறகு சொன்னார். அக்கா, மஞ்சள் காமாலை, பஞ்சாயத்து ஆபீஸ், சேலை, பஸ். இந்தத் தடவை முதுகைக் காட்டி நின்று சொல்லவில்லை, முகத்தைப் பார்த்துச் சொன்னார். என் பேரு இசக்கி என்று முடித்தார்.

ரூபாவதி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவள் தன் கையாலேயே சூளையில் போட்டது. டேப்பில் அதில் ஒரு துணுக்குக்கூட மிச்சமில்லை என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

“தாலி உன் கழுத்துலதான கட்டினேன்?” என்றார் நயினார்.

“ஆமா.”

“பின்ன? கழுத்து அதேதான.” தலையணையில் சாய்ந்துகொண்டார். “இசக்கி, அந்த ஃபேன கொஞ்சம் குறை. குளிருது.”

டீச்சர் எழுந்து போய் ஃபேனைக் குறைத்தார். குறைத்துவிட்டு சுவிட்சைப் பிடித்துக்கொண்டு சுவர் பக்கமே நின்றார். நயினார் அதற்குள் ஏதோ யோசனையில் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ரூபாவதியைக் கூப்பிட்டார்.

“மேடம், பென்சன்காரங்களுக்கு டேப் எடுக்கது ஆடியிலதான? இந்தத் தடவ என் டேப்புக்கு ஒரு சிவப்பு லேபிள் வேணும். என்ன ஏதுன்னு கேக்கக்கூடாது.”

ரூபாவதிக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சங்கிலிப் பெட்டியை அவர் தலையிலேயே போட்டிருப்பாள். மறுபடியும் சிவப்பா? மறுபடியும் டெல்லியா, பெஞ்சா, சுவரைப் பார்க்கும் தேவசகாயமா? இந்த மனிதரைத் திருத்த எந்த டேப்பாலும் முடியாது. சுவர் ஓரமிருந்து டீச்சர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ரூபாவதிக்கு உறைத்தது. சூளைக்குப் போனது போக, அந்தச் சமையலறை, அந்த வெயில், அந்தக் கருகிய தோசை, முதன்முதலாக அந்தப் பெயரைச் சொன்ன குரல் எல்லாம் இப்போது தன் தலைக்குள்ளேதான் இருக்கிறது. அவளுக்கும் டேப் எடுக்கும் நாள் வரும்.

“ரெண்டா கொண்டாரேன் சார்,” என்றாள். “எனக்கும் ஒண்ணு வேணும்.”